கட்டடக் கணக்கை யாரிடம் கேட்பது?

வடாலாவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் சயான் மருத்துவமனைக்கோ, பரேலிலுள்ள கே.ஈ.எம். மருத்துவமனைக்கோ ஓடுகிறோம். ஊரிலுள்ள பெற்றோருக்கு என்றால், "மதுரைக்குக் கூட்டிப் போங்கள்" என்று தொலைபேசியில் சொல்கிறோம். ஆகவே மதுரை எய்ம்ஸின் கதை நமக்கும் சொந்தக் கதையே.

தமிழகத்துக்கு ஓர் எய்ம்ஸ் என்ற அறிவிப்பு 2015ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் வந்தது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 2019 ஜனவரி 27 அன்று தோப்பூர்த் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2021 மார்ச்சில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்க நேர்ந்தது. முதன்மைக் கட்டட வேலை 2024இல்தான் தொடங்கியது.

இதற்கிடையே மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்தது. அதாவது ஏறத்தாழ 714 கோடி கூடுதல்! இதில் 1,627.70 கோடி ஜைக்கா கடன். கடன் என்றாலும் அடைபடுவது நம் வரிப்பணத்தில்தான்.

செலவு கூடினாலே ஊழல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 150 படுக்கைகள் கொண்ட தொற்றுநோய்ப் பிரிவு இங்கே புதிதாகச் சேர்க்கப்பட்டது. அது நியாயமான செலவு. ஆனால் தாமதத்தால் விலைவாசி ஏறியதும், முதலில் போட்ட திட்டமே அரைகுறையாக இருந்ததும் வேறு வகை. எந்த வகைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதே பொறுப்புள்ள கணக்கு.

முன் அனுபவமும் உண்டு. போபால், பாட்னா, ஜோத்பூர் உள்ளிட்ட ஆறு எய்ம்ஸ்களுக்குத் தலா 332 கோடி என்று போட்ட மதிப்பீடு, நான்கு ஆண்டுகளில் 820 கோடியானது. தேவையைச் சரியாகக் கணிக்காததே காரணம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2018இல் அறிக்கை தந்தார். அத்தகைய அறிக்கை நாடாளுமன்றத்துக்குச் செல்லும். பொதுக் கணக்குக் குழு அதை ஆராயும். ஆனால் தணிக்கை பெரும்பாலும் பணம் செலவான பிறகே வருகிறது.

அதற்கு முன்னே கேட்க நமக்கு ஒரு வழி உண்டு. அதுதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமகன் எவரும் கேட்கலாம். மதுரைக் கணக்கை மும்பையில் இருந்தபடியே கேட்கலாம். நம் மாநகராட்சி மருத்துவமனைகளின் கட்டட வேலைக்கும் இதே சட்டம்தான்.

"ஏன் தாமதம்?" என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: முதல் மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும் எவ்வளவு? ஒப்பந்தப்படி வேலை முடிய வேண்டிய தேதி எது? எத்தனை முறை தவணை நீட்டித்தார்கள்? அபராதம் விதித்தார்களா? இன்றுவரை கொடுத்த பணம் எவ்வளவு? மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை?

கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். எத்தனை மாடி எழும்பினாலும், நோயாளியின் நாடி பிடிக்க ஆள் இல்லையென்றால் அது வெறும் கட்டடம்தான்.