கூடத்துத் தரையில் பூக்கட்டும் வண்ணங்கள்

புடவை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். உடல் பிடித்தால் பார்டர் பிடிக்கவில்லை, பார்டர் பிடித்தால் முந்தானை பிடிக்கவில்லை. ஆனால் வீடு கட்டும்போதோ, பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போதோ தரை விஷயம் வந்தால் மட்டும், "கடைக்காரர் எது நல்லதுன்னு சொல்றாரோ அதையே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம்!

புடவை ஐந்தாறு வருஷம் உழைக்கும். தரையோ நாற்பது, ஐம்பது வருஷம் நம் காலடியில் இருக்கப் போகிறது. குழந்தை தவழ்வது அதன் மேல்தான். வயதான மாமியார் ராத்திரி எழுந்து, விளக்கைப் போடாமல் நடப்பதும் அதன் மேல்தான்.

இப்போது 'ரெட்ரோ' என்று ஒரு வார்த்தை அடிபடுகிறது. கலர் கலராய்ப் பூப்போட்ட தரை, பிரம்பு நாற்காலி, பித்தளைச் சாமான், சுவரில் பழைய படம் என்று பாட்டி காலத்து ஹாலைப் புது வீட்டில் கொண்டுவர எல்லாருக்கும் ஆசை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களான நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. பல வீடுகளில் அந்தப் பழசு இன்னும் காலுக்குக் கீழேயே இருக்கிறது!

எங்கள் வீடு பாபநாசம் பக்கம் ஒரு வாய்க்கால்கரைக் கிராமத்தில் இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீளவாக்கில் போகும் ஓட்டு வீடு. கூடம் பூராவும் சிவப்புச் சிமெண்ட் தரை. வாசலை ஒட்டிய முன் அறையில் மட்டும் தரை உள்வாங்கி வெடித்து, ஐப்பசி பிறந்தால் ஓதம் ஏறிச் சொதசொதவென்று ஆகிவிடும். அதைச் சரி செய்தபோது விசாரித்தும், கூட நின்று பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உடைக்கத்தான் வேண்டுமா?

"எல்லாத்தையும் உடைச்சிட்டு, பளபளன்னு வெள்ளை டைல்ஸ் போட்டா வீடே புதுசாயிடும்" என்று யோசனை சொல்லாத ஆள் கிடையாது. என் கணவருக்கும் பாதி மனசு அதில் இருந்தது. எழுபதைத் தாண்டிய என் மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, இது எனக்குப் பழகின தரை. கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன். கண்ணாடி மாதிரிப் போட்டுட்டீங்கன்னா கட்டிலை விட்டு இறங்கவே எனக்குப் பயமா இருக்கும்."

"அத்தை சொல்றதுல நியாயம் இருக்கு" என்று நான் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டேன். வயதான காலத்தில் ஒரு தடவை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன பாடு என்பது நமக்குத் தெரியாததா? வீட்டு அழகு, அந்த வீட்டில் நடமாடுகிறவர்களுக்குப் பிறகுதானே!

கொத்தனாரும் வந்தார். கரணைப் பிடியால் கூடத்துத் தரையை அங்கங்கே தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. முன் அறையில் தட்டினால் பொத்தென்று ஒரு வெற்றுச் சத்தம். "முன் ரூம்ல அடி மண்ணு இறங்கிடுச்சும்மா. கூடத்தைத் தொடாதீங்க. இப்படித் தேய்ச்சுக் குடுக்க இன்னைக்கு ஆள் தேடணும்" என்றார்.

நீங்களும் ஒரு கல்லாலோ கட்டையாலோ தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும். பணமும் மிச்சம், பழைய அழகும் மிச்சம்.

அந்தச் சிவப்பின் ரகசியம்

சிமெண்ட் வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் சுண்ணாம்புத் தரை, செங்கல் தரை, சாணம் மெழுகிய மண் தரை. 1939-ல் கொள்ளிடத்துக்கு அக்கரையில் டால்மியாபுரம் என்கிற கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு பக்கத்திலேயே சிமெண்ட் கிடைத்தது. அதில் சிவப்பு ஆக்ஸைடு தூளைக் கலந்து தேய்த்ததுதான் நம் சிவப்புத் தரை.

அந்தத் தூள் வேறொன்றுமில்லை, இரும்பு ஆக்ஸைடு. இரும்புத் துருவின் இனம்தான். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புக் காரம் சாதாரணச் சாயங்களைத் தின்றுவிடும். இரும்பு ஆக்ஸைடை அது ஒன்றும் செய்யாது. வெயிலுக்கும் வெளுக்காது. மஞ்சளிலும் கறுப்பிலும்கூட இரும்பு ஆக்ஸைடு உண்டு. 'நிறம் தூக்கலாக வரட்டும்' என்று தூளை அள்ளிக் கொட்டச் சொல்லாதீர்கள். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் தரையின் வலுவே குறைந்துவிடும்.

மற்றதெல்லாம் கைவேலை. மேல்பூச்சு இறுகத் தொடங்கும் பதம் பார்த்து, கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு அறையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் ஒட்டுப் போட்ட இடம் காலத்துக்கும் தெரியும். பெரிய கூடமானால் நடுநடுவே மெல்லிய கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரிப்பார்கள். அது வெறும் அலங்காரம் அல்ல. சிமெண்ட் காய்ந்து சுருங்கும்போது வெடிப்பு கண்டபடி ஓடாமல் அந்தக் கோட்டோடு நிற்கவே அந்த ஏற்பாடு.

ஆத்தங்குடிக் கல்

முன் அறைக்குப் பூப்போட்ட கல் வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு எங்கே போவது? தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் காரைக்குடி. அதன் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் வந்து இறங்கிய கதை நமக்குத் தெரியும். ஆனால் கண்ணைப் பறிக்கும் தரைக்கல்லை அந்த ஊர் மண்ணிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வகைச் சிமெண்ட் கல் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. நம் நாட்டில், அந்நியக் கல்லை நம்பியிருக்கக் கூடாது என்ற சுதேசி எண்ணத்தோடு பம்பாயில் பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனம் 1922-ல் தொடங்கப்பட்டது. ஆத்தங்குடியிலோ இது இன்றும் குடிசைத் தொழில். இயந்திரம் இல்லை, சூளை இல்லை.

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு இதழிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். நாம் அச்சில் ஊற்றும் பதம்தான்! அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்க, கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்த வழவழப்புதான்.

கைவேலை என்பதால் இந்த வாரம் செய்த சிவப்பும் அடுத்த மாதம் செய்த சிவப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஆகவே தேவையானதை ஒரே தடவையில் வாங்குங்கள். கணக்கு சுலபம். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அங்குலச் சதுரக் கல் என்றால் 173 கல் பிடிக்கும். உடைசலுக்கும் ஓரம் வெட்டுவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 190 வாங்கலாம். மிஞ்சியதைப் பரணில் போட்டு வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு கல் உடைந்தால் அதன் அருமை தெரியும்.

களிமண் பூமிக்கு ஒரு எச்சரிக்கை

காவிரிப் பாசனத்துக் களிமண் நெல்லுக்குத் தாய். வீட்டுத் தரைக்கு மாற்றாந்தாய்! தண்ணீர் பட்டால் உப்பும், கோடையில் வறண்டு சுருங்கி வெடிக்கும். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த கல்லைப் பதித்தாலும் அடி ஆடினால் மேலேயும் ஆடும்.

எங்கள் முன் அறையில் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, மணல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினார்கள். அதன் மேல் கனமான பாலிதீன் விரிப்பு, அதற்கு மேல் கான்கிரீட், பிறகுதான் கல். கீழேயிருந்து ஓதம் ஏறாமல் தடுப்பது அந்த விரிப்புதான். 'கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு எதுக்குச் செலவு?' என்று இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசும் இருக்கும். சித்திரை, வைகாசியில் செய்ய நேர்ந்தால், காற்றும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சாதபடி சிவப்புத் தரை மேல் நனைத்த சாக்கோ வைக்கோலோ பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் ஈரம் காக்க வேண்டும்.

பூவுக்கும் இடம், கோலத்துக்கும் இடம்

கல் வந்து இறங்கியதும் மாமியார் ஒரு கேள்வி கேட்டார்: "பூவும் கொடியுமா நிரப்பிட்டா, கார்த்திகைக்கு மாக்கோலம் எங்க போடுவே?"

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சரி! அரிசி மாவை அரைத்து இழை இழையாய்ப் போட்ட கோலம், பூக்கல் மேல் விழுந்தால் எங்கே தெரியும்? வெள்ளைக் கோலத்தை எடுத்துக்காட்டுவது சிவப்புத் தரைதான். ஆகவே வாசலுக்கு நேராக ஐந்தடிச் சதுரம் வெறும் சிவப்புத் தரையாக விட்டு, அதைச் சுற்றிப் பூக்கல் பதித்தோம். சுவர் ஓரம் நெடுக ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை. புடவைக்குப் பார்டர் மாதிரி!

இந்த ஒரு விஷயத்தை நீங்களும் மனதில் வையுங்கள். வண்ணத் தரை என்றால் இண்டு இடுக்கு விடாமல் நிரப்புவது அல்ல. சிறிய அறைக்கு ஒரே ஒரு பூ வகை, மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். பெரிய ஹாலானால் நடுவில் மட்டும் ஜமுக்காளம் விரித்த மாதிரிப் பூக்கல், சுற்றிலும் ஒரே நிறம்.

தரை பேசும்போது சுவர் பேசாமல் இருக்க வேண்டும். வெள்ளையோ, வெளிர் சந்தன நிறமோ போதும். திரைச்சீலை ஒரே நிறக் கைத்தறி. பெரிய சோபாவைப் போட்டுத் தரையை மறைக்காமல், கால் உயர்ந்த பிரம்பு நாற்காலிகளைப் போடுங்கள். கொள்ளிடம் பக்கத்துத் தைக்காலில் நல்ல பிரம்புச் சாமான்கள் கிடைக்கின்றன. ஊஞ்சல் இருந்தால் அதுவே ராஜா. ஒரு மூலையில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, அலமாரியில் தலையாட்டி பொம்மை, சுவரில் ஒரே ஒரு தஞ்சாவூர்ப் படம். அந்தப் படத்தை ஓதம் ஏறும் சுவரிலோ நேர் வெயில் படும் இடத்திலோ மாட்டாதீர்கள். பலகையும் பூச்சும் கெட்டுப்போகும்.

குழந்தையும் பெரியவர்களும் இருக்கிற வீட்டில்

* பழைய தரையை உடைக்கும் நாட்களில் கைக்குழந்தையையும் இழுப்பு உள்ளவர்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரச் சிமெண்டைக் குழந்தைகள் தொடவும் விடாதீர்கள், தோலைப் புண்ணாக்கும்.

* சிமெண்ட் தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் புளிப்பு சத்துரு. எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர் சிந்தினால் உடனே துடையுங்கள். விட்டால் மேல்பூச்சு அரித்துத் தடம் விழும். பாத்ரூம் ஆசிட் கிட்டவே வரக்கூடாது. மஞ்சள் கறையும் பிடிக்கும். அதனால் சமையலறைக்கு நான் இந்தக் கல்லைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

* தினமும் வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். புழங்கப் புழங்கத்தான் பளபளப்பு ஏறும். எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். ஆனால் உடனே வேறு உலர்ந்த துணியால் அழுந்தத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பெரியவர்கள் வழுக்கி விழ அதுவே போதும்.

* எந்த வழவழப்பான தரையும் ஈரமானால் வழுக்கும். இந்தக் கல்லும் அப்படித்தான். பெரியவர்கள் நடக்கும் நேரத்தில் தரை துடைக்காதீர்கள். பாத்ரூம் வாசலில் நழுவாத மிதியடி, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு, இரண்டும் அவசியம்.

வாடகை வீட்டில் இருக்கிறீர்களா?

வருத்தம் வேண்டாம். தரையை மாற்ற முடியாவிட்டால், நல்ல சாயக் கோரைப்பாயோ பவானி ஜமுக்காளமோ நடு ஹாலில் விரித்தால் நிறத்துக்கு நிறமும் ஆச்சு, குழந்தை தவழ மெத்தென்றும் ஆச்சு. ஓரம் சுருண்டு கால் தடுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மொசைக் தரை இருக்கும் வீடானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மெஷின் வைத்து ஒரு தடவை பாலிஷ் போட்டாலே அதற்குள் ஒளிந்திருக்கும் சிவப்பும் பச்சையும் கறுப்பும் வெளியே வந்துவிடும். வீட்டுக்காரரிடம் நயமாகக் கேட்டுப் பாருங்கள். அவர் வீடு அழகாவதை அவர் ஏன் வேண்டாம் என்கிறார்?

தரை போடுமுன் கடைக்காரரைக் கேளுங்கள், கொத்தனாரைக் கேளுங்கள். கூடவே வீட்டில் மிகச் சின்னக் குழந்தையும் மிக வயதானவரும் அந்தத் தரையில் எப்படிப் புழங்குவார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். எந்த இடத்தில் பூ, எந்த இடத்தில் வெறும் சிவப்பு, எந்த இடத்தில் பாய் என்பது தானாகப் புரிந்துவிடும்.