தந்தையாரின் அங்குஸ்தான்

மாத்தளையிலுள்ள எங்கள் வீட்டு முன்னறைச் சுவரிலே, மூடப்பட்ட அச்சகமொன்றிலிருந்து விலைக்கு வாங்கிய எழுத்துத் தட்டு ஒன்று மாட்டப்பட்டுள்ளது. ஈயவெழுத்துக்கள் கிடந்த அதன் சிற்றறைகளில் இன்று அங்குஸ்தான்கள் அமர்ந்திருக்கின்றன. தமிழ்ப் பண்டிதனுக்குத் தையற்பொருளில் என்ன நாட்டம் என நண்பர் பலர் வினவுவர். அவர்களுக்கு விடையாக இதனை எழுதுகின்றேன்.

ஊசியை அழுத்துங்கால் விரல் நோவாதிருக்க அணியும் சிறு கவசமே அங்குஸ்தான். துணி தைப்போரைத் துன்னகாரர் எனச் சிலப்பதிகாரம் குறிக்கும்; ஆயினும் தையற்கடைகளில் வழங்கும் இக்கருவியின் பெயரோ பாரசீகத்து வரவு. அம்மொழியில் 'அங்குஷ்த்' என்பது விரல். வீட்டுப் பெண்டிர் அணிவது பெரும்பாலும் மேல்மூடியது. தையற்காரர் விரலின் பக்கத்தால் ஊசியைத் தள்ளுதலின், அவர்தம் அங்குஸ்தான் இருபுறமும் திறந்த வளையமாயிருக்கும். என் தந்தையார் அணிந்ததும் அத்தகைய பித்தளை வளையமே.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அவருடைய தையற்கடை எரிந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சாம்பலைக் கிளறியபோது கருகிய கத்தரிக்கோலும் அவ்வளையமும் அகப்பட்டன. வளையத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆண்டுகள் பல கழிந்து ஆசிரியனாகிய பின்னர், பாடசாலைக் கண்காட்சியொன்றில் வைக்கவெண்ணி, அதனைப் புளியிட்டுத் துலக்கினேன். பொன்போல் ஒளிர்ந்தது. பெருமையுடன் தந்தையாரிடம் நீட்டினேன். அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருடையது தம்பி?" என்று கேட்டார். தீயில் எஞ்சிய கரியை நானே கழுவிவிட்டேன் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். சில குழிகளில் மட்டும் கருமை தங்கியிருந்தது. அதனைக் காட்டியபின் அவர் அடையாளங் கண்டார். வேறொன்றும் பேசவில்லை.

அன்று தொட்டே பிற அங்குஸ்தான்களையும் சேர்த்துப் பேணலானேன். கடல் கடந்த பழைய மாணவர் சிலவற்றை அனுப்பினர். அவற்றுள் ஒன்று ஆங்கில நாட்டு ஆலிபாக்சு நகரத்துச் சார்ல்சு ஓர்னர் செய்தது. வெள்ளியை ஊசி துளைத்துவிடுதலின், இரு வெள்ளித் தகடுகளுக்கிடையே உருக்கை வைத்துச் செய்யும் முறைக்கு அவர் 1884இல் காப்புரிமை பெற்றார். ஏழைகளுக்கு ஆடை தைத்த விவிலியப் பெண்மணி தொற்காளின் பெயரையே அதற்கு இட்டனர்.

நம் மாத்தளைக்கும் ஊசிவேலை அயலன்று. அலுவிகாரையில் ஈனா டி சில்வா அம்மையார் (1922–2015) ஊர்ப் பெண்களைக் கூட்டிப் பற்றிக், பூத்தையல் முதலிய கலைகளை வளர்த்ததை நாடறியும். செருமனியின் கிரெக்லிங்கன் ஊரிலோ அங்குஸ்தான்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

பேணும் முறையைச் சிறிது கூறுவேன். அச்சுத் தட்டில் ஈயத்தூள் படிந்திருக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஈரத்துணியால் பன்முறை துடைத்தல் வேண்டும். மரத்தினின்று எழும் புளிப்பாவி உலோகத்தைத் தாக்குமாகையால், நன்கு அலசிய வெள்ளைப் பருத்தித் துணியை அறைதோறும் விரித்துள்ளேன். கம்பளித் துணியிலும் இரப்பர் வளையத்திலும் கந்தகம் உண்டு. அவை வெள்ளியைக் கறுக்கச் செய்யும். எலும்பிற் செய்தவை வெயில் பட்டால் வெடிக்கும். மழைக்காலத்து ஈரத்தில் உருக்கு துருவேறும். ஆதலின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப்பொதிகளை உடன் வைத்து, தட்டைக் கண்ணாடியிட்டு மூடியிருக்கின்றேன். விரல் வியர்வையும் உலோகத்தை அரிக்குமாதலால், எடுக்கும்போது கையுறை அணிகின்றேன்.

இவை யாவற்றினும் இன்றியமையாதது, ஒவ்வொன்றின் கீழும் எழுதும் சிறு குறிப்பு. யார் அணிந்தார், எவ்வூரில், எதனைத் தைத்தார் என்பன எழுதப்படாவிடின், ஒரு தலைமுறைக்குள் அது பெயரற்ற உலோகத் துண்டாகிவிடும். தந்தையாரின் வளையத்தின் கீழ் அவர் பெயரையும் கடை எரிந்த ஆண்டையும் எழுதியதோடு, அதனைத் துலக்கியவன் நானே என்பதையும் எழுதியுள்ளேன்.

மாணவர்காள், உங்கள் இல்லத்துப் பழம்பொருளொன்று கறுத்துக் கிடப்பின், புளியை எடுக்குமுன் வீட்டுப் பெரியோரிடம் ஒரு சொல் கேளுங்கள்.