மலைச் சாலையில் கார் திடீரென்று சோர்ந்தால்?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், வழியெல்லாம் வளைவுகள். ரிங்லெட்டைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்கள் கண்ணில் படும் நேரத்தில் கார் திடீரென்று சோர்ந்துவிடுகிறது. அப்பா எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. பின்னால் ஒரு லாரி நெருங்கி வருகிறது. “மேலே காற்று குறைவு, அதனால்தான்” என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா?

பாதி சரி. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கீழே இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. தாப்பாவில் வாங்கிய உருளைக்கிழங்குச் சீவல் பொட்டலம் மேலே போனதும் தலையணைபோல உப்புவதைப் பார்த்திருப்பீர்களே! வெளியே காற்றழுத்தம் குறைந்ததற்கு அது சாட்சி. டர்போ இல்லாத பெட்ரோல் காரின் இயந்திரம் அந்த உயரத்தில் சக்தியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை இழக்கும்.

ஆனால், இந்த இழப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஏறும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. ஒரே வளைவில் காற்று காணாமல் போய்விடாது. அதனால், திடீர்ச் சோர்வுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

காரணத்தைத் தேடுவதற்கு முன் உயிரைக் காப்போம். நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் எரியவிட்டு, வளைவு இல்லாத, சாலையோரம் அகலமான இடத்தில் காரை நிறுத்த வேண்டும். இயந்திரம் முழுதாக நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தமும் ஓரிரு மிதிகளுக்குத்தான் மிஞ்சும். அதனால், விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி நிறுத்த வேண்டும். பயணிகள் சாலையை விட்டு விலகி நிற்க, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தூரமாக வைக்கலாம்.

இனி, அறிவியல் வகுப்பில் செய்வதுபோல உற்றறிவோம். கார் சோர்ந்தபோது என்ன நடந்தது?

முதலாவது, இயந்திரச் சுழற்சியைக் காட்டும் முள் மேலே ஏறியும் கார் வேகம் எடுக்கவில்லையா? அப்படியானால் இயந்திரம் சக்தி தருகிறது. அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் அல்லது கியர் பெட்டி வழுக்குகிறது என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது, கார் குலுங்கியதா? இயந்திர விளக்கு விட்டுவிட்டு எரிந்ததா? நான்கு சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்பதற்கு இது அடையாளம். அப்போது சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு ஒரே நொடியில் போய்விடும். மேலும், எரியாத பெட்ரோல் புகைப்போக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியில் போய் எரிந்து, அதைப் பாழாக்கும். இந்நிலையில் தொடர்ந்து ஓட்டக்கூடாது.

மூன்றாவது, குலுக்கல் இல்லாமல், சமதரையில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் சோர்ந்ததா? ஏற்றத்தில் இயந்திரத்துக்கு அதிக எரிபொருள் வேண்டும். வடிகட்டி அடைத்திருந்தாலோ, பம்பு பலவீனமாக இருந்தாலோ அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது. தொட்டியில் பெட்ரோல் மிகக் குறைவாக இருந்தாலும், சரிவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சக்கூடும்.

நான்காவது, வெப்பநிலை முள் சிவப்பைத் தொட்டதா? இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் ஆவியாகப் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

ஊகம் மட்டும் போதாது, சோதிக்க வேண்டும். பட்டறையில் காரின் கணினியோடு கருவியை இணைத்தால் பிழைக் குறியீடு தெரியும். ‘பி 0301’ என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். காரணம் தீப்பொறிச் சுருளா, பிளக்கா, எரிபொருள் தெளிப்பானா?

நல்ல மெக்கானிக் உடனே புதுப் பாகம் வாங்கச் சொல்லமாட்டார். முதல் சிலிண்டரின் சுருளைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுவார். மூன்றாவதின் சுருளை முதலாவதில் மாட்டுவார். வேறு எதையும் தொடமாட்டார். மீண்டும் ஓட்டிப் பார்க்கையில் குறியீடு ‘பி 0303’ என்று மாறினால், பழுது சுருளோடு இடம் மாறியிருக்கிறது. குற்றவாளி சுருள்தான். குறியீடு மாறாவிட்டால் சுருள் நல்லது. அடுத்து பிளக்கைச் சோதிக்கலாம்.

இதில் தற்சார்பு மாறி எது? சுருளின் இடம். சார்பு மாறி? பிழைக் குறியீடு. மற்றவையெல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தேர்வுத் தாளில் நீங்கள் எழுதும் அதே முறைதான், ஒரு குடும்பம் தேவையில்லாமல் எரிபொருள் பம்பை மாற்றிப் பணத்தை இழக்காமல் காக்கிறது.

ஆக, அடுத்த முறை மலையேறும்போது யாராவது “காற்று குறைவு” என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கொஞ்சம் கொஞ்சமாகவா, திடீரென்றா?” திடீரென்று என்று பதில் வந்தால், பயணத்தைத் தொடர வேண்டாம், பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தச் சொல்லுங்கள்.