மார்கழிக் குளிரில் அடைக்கோழி

மார்கழி பிறந்தால் கோழி முட்டையைக் குறைத்துவிடும் என்று சாணார்பட்டிப் பக்கம் பலரும் சொல்வார்கள். பழியை எல்லாம் பனிமேல் போட்டுவிடுவார்கள். சிறுமலை அடிவாரத்தில் விடியற்காலையில் போர்வையைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் திண்டுக்கல் சமவெளியில் அந்தக் குளிர் 20 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். உடம்பெல்லாம் இறகு போர்த்திய பறவைக்கு இதெல்லாம் ஒரு குளிரா?

முட்டைக்கு முக்கியம் வெளிச்சம். கோழி பகலின் நீளத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டைக் கடந்து உள்ளே போகும் வெளிச்சத்தை மூளையே உணர்கிறது. தினம் 14 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் முட்டை தாராளமாக வரும். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. அங்கே கொல்லைக் கோழி முட்டையை நிறுத்தினால் நியாயம் உண்டு. இங்கே டிசம்பரில் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் பன்னிரண்டே முக்கால். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். வேண்டுமானால் கூண்டில் ஒரு பல்பு மாட்டி, விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடலாம். நாலைந்து நாட்டுக்கோழிக்கு அதுவே போதும். நாமக்கல் பண்ணை போலப் பிழிய நினைக்க வேண்டாம்.

முட்டை குறைய வேறு காரணங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கூண்டுத் தரை காயாமலே கிடக்கும். ஈரத்தில் குடற்புழு பெருகும், தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும். வயதான கோழி இறகு உதிர்க்கும்போது தின்னும் சத்தெல்லாம் புது இறகுக்கே போய்விடும். இதையெல்லாம் விடப் பெரிய காரணம், கோழி அடையில் உட்கார்ந்திருப்பதும் குஞ்சுகளோடு திரிவதும். 21 நாள் அடை, அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சு மேய்ப்பு. அதுவரை ஒரு முட்டை கிடையாது.

அதற்காக இந்த மாதங்களில் அடை வைக்காமலும் இருக்க முடியாது. சித்திரை வெயிலில் சேர்த்துவைக்கும் முட்டையில், வீட்டுக்குள் அடிக்கும் வெக்கையிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். கோழி அடை கிடந்தும் பாதி கூமுட்டை. பனிக்காலத்தில் ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளைக் குளிர்ந்த மூலையில் எடுத்துவைத்தால் பொரிப்பு நன்றாக இருக்கும்.

அகலமான மூங்கில் கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல். பேன் அண்டாமல் இருக்கக் கொஞ்சம் சாம்பலும் வேப்பிலையும். கோழியின் உடம்புக்கேற்ப 10, 12 முட்டை. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓரத்தில் இரும்புத்துண்டு, காய்ந்த மிளகாய், கரித்துண்டு வைக்கும் வழக்கமும் உண்டு. பலன் இருக்கிறதோ இல்லையோ, கெடுதல் இல்லை. இருட்டிய பிறகு கோழியை உட்காரவைத்தால் அமைதியாகப் படிந்துவிடும். தினம் ஒருமுறை இறங்கித் தின்று, தண்ணீர் குடித்து, புழுதியில் புரண்டு, அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். முட்டையைப் புரட்டுவது அதன் வேலை. நாம் கைவைக்க வேண்டியதில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கரு உள்ள முட்டையில் சிலந்திக்கால் போலச் சிவந்த நரம்புகள் தெரியும். வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம்.

முட்டையும் வேண்டும், குஞ்சும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வையுங்கள். பொரித்த அன்று இரவு இருட்டில், எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயின் இறக்கைக்கடியில் தள்ளிவிடுங்கள். பனி நாளில் ஒரு கோழி 15 குஞ்சுக்கு மேல் அணைப்பது கடினம் என்பதால், முட்டைகளையும் கணக்குப் பார்த்துக் குறைவாக வையுங்கள். குஞ்சில்லாத கோழி சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும்.

தாயே வேண்டாம், பல்பு போதும் என்பவர்கள் எல்இடி பல்பைத் தொங்கவிட்டு ஏமாறுகிறார்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கினால் குளிர்கிறது. விலகி ஓரத்தில் வாய்பிளந்து நின்றால் சூடு அதிகம். தரையில் நிலக்கடலைத் தொலி பரப்பி, அதன்மேல் சில நாளைக்குத் தாள் விரித்துவிட்டால் தொலியைக் கொத்தாது. தீனிக்குக் கம்பு, சோளக்குருணை. சாணமும் பழைய சாக்குத்துண்டும் திணித்து நீர் தெளித்த பானையை மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்தால், காலையில் குஞ்சுகளுக்கு விருந்து.

இத்தனை பாடுபட்டும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் இரண்டே நாளில் பஞ்சாரம் காலி. அய்யலூர் வியாழச் சந்தையில் வாங்கிவந்த கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு சேர்த்துவிடுவது, நோயை விலை கொடுத்து வாங்குவது மாதிரி. இரண்டு வாரமாவது தனியே கட்டிப்போடுங்கள். ஏழாம் நாள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடைத்துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கார்த்திகைக் கடைசியில் பொரித்த குஞ்சு அப்போது சரியாக ஊசிக்குத் தயாராக இருக்கும்.