பின்சக்கரத்தின் இரு தாங்கிகள்

தந்தையின் மோட்டார் சைக்கிளில் பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்கு வருவோர் உங்களுள் பலர் இருப்பீர்கள். வேகத்தடையின்மீது வண்டி ஏறி இறங்கும்போது நிகழ்வதை என்றேனும் உற்றுநோக்கியது உண்டா? வண்டியின் பின்பகுதி ஒருமுறை தாழ்கிறது, பின்னர் எழுகிறது, உடனே அமைதி கொள்கிறது. அவ்வாறு அமைதி கொள்ளச் செய்யும் உறுப்பைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘ஷாக் அப்சார்பர்’ என்பர். இங்கே தில்லியில் ‘ஷாக்கர்’ என்று கேட்டால்தான் கடைக்காரருக்கு உடனே விளங்கும். அதனை நாம் ‘அதிர்வு தாங்கி’ என அழைப்போம். அதன் வேலை யாது, அது பழுதுற்றதை எவ்வாறு அறிவது, புதியதை எவ்வாறு தேர்ந்து பொருத்துவது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஒரு மழைக்கால மாலை

சில ஆண்டுகளுக்கு முன்னர், பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வந்தபோது, என் பழைய மோட்டார் சைக்கிளையும் தொடர்வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்த சில மாதங்களில் இடப்புறத் தாங்கியில் எண்ணெய் கசிந்தது. பட்டறை ஒன்றில் காட்டினேன். “வலப்புறம் நன்றாகத்தான் இருக்கிறது; இடப்புறத்தை மட்டும் மாற்றினால் போதும்” என்றார் அங்கிருந்தவர். செலவு பாதியாகக் குறைகிறதே என்று நானும் இசைந்தேன்.

அடுத்த வாரம் மழை தூறிய ஒரு மாலையில், மகளைப் பின்னே அமர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன். ஒரு வளைவில் சிறு பள்ளம். அதில் பின்சக்கரம் இறங்கி ஏறியதும் வண்டியின் பின்பகுதி இருபுறமும் அலைந்தது. வேகம் குறைவாக இருந்தமையால் விழவில்லை. ஆயினும், என் சட்டையை இறுகப் பற்றிய மகளின் கை, வீடு வந்து சேரும்வரை தளரவில்லை. புதிய உறுப்பைப் பொருத்திய பின்பும் வண்டி ஏன் அலைந்தது? இவ்வினாவிற்கு விடை காண, முதலில் தாங்கியின் அமைப்பை அறிய வேண்டும்.

சுருள்வில்லும் தணிப்பானும்

அதிர்வு தாங்கியில் இரு பகுதிகள் உள்ளன. வெளியே தெரிவது சுருள்வில். அதனுள்ளே மறைந்திருப்பது தணிப்பான்.

சுருள்வில் எடையைத் தாங்குகிறது. 20 கிலோ எடையை ஏற்றினால் 10 மில்லிமீட்டர் தாழும் ஒரு சுருள்வில், 40 கிலோ ஏற்றினால் 20 மில்லிமீட்டர் தாழும். இந்த நேர்விகிதத் தொடர்பை இங்கிலாந்து அறிவியலாளர் இராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டு விளக்கி வெளியிட்டார். நீங்கள் இயற்பியலில் பயிலும் ஹூக் விதி இதுவே.

ஆனால், சுருள்வில்லுக்கு ஒரு குறை உண்டு. அது வாங்கிய ஆற்றலை வைத்துக்கொள்வதில்லை. அப்படியே திருப்பித் தருகிறது. ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல் நெடுநேரம் ஆடுவதுபோல, சுருள்வில் மட்டுமே கொண்ட வண்டி ஒரு பள்ளத்தைக் கடந்தபின் பலமுறை குதித்துக்கொண்டே செல்லும்.

இந்த ஆட்டத்தை அடக்குவது தணிப்பானின் கடமை. அது எண்ணெய் நிரம்பிய ஒரு குழல். அதனுள் சிறு துளைகள் கொண்ட பிஸ்டன் இயங்குகிறது. மருந்தேற்றும் ஊசிக்குழலில் நீரை நிரப்பி, ஊசியில்லாமல் அழுத்திப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் நீர் எளிதில் வெளியேறும். விரைந்து அழுத்தினால் விரலைத் தடுக்கும். தணிப்பானிலும் அவ்வாறே எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்கிறது. அசைவின் வேகம் மிகுந்தால் தடையும் மிகுகிறது. அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி, காற்றில் கலந்துவிடுகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தொலைவு சென்றபின் தாங்கி சூடாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தில்லியின் சனவரி மாதக் காலைகளில் வண்டி சற்று விறைப்பாகத் தோன்றுவதும் இதனோடு தொடர்புடையதே. குளிரில் எண்ணெய் தடித்துவிடுவதால் துளைகளின் வழியே எளிதில் பாய்வதில்லை. சிறிது தொலைவு ஓடிச் சூடேறியதும் விறைப்பு குறையும்.

வசதிக்கு மட்டும் அன்று

அதிர்வு தாங்கி நம் முதுகெலும்பைக் காப்பதற்கென்றே பொருத்தப்பட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். அதனினும் முதன்மையான பணி ஒன்று அதற்கு உண்டு. சக்கரத்தைச் சாலையோடு ஒட்டியிருக்கச் செய்வதே அப்பணி. டயர் தரையைத் தொட்டிருக்கும்வரைதான் பிரேக் பயன் தரும். வளைவில் வண்டி வழுக்காமல் திரும்பும். தணிப்பான் செயலிழந்தால் சக்கரம் துள்ளுகிறது. துள்ளும் கணத்தில் பிரேக் பிடித்தாலும் பயனில்லை. என் வண்டி வளைவில் அலைந்ததன் பொருள் இப்போது உங்களுக்கு ஓரளவு விளங்கும்.

பழுதை அறியும் வழிகள்

பின்வரும் அறிகுறிகள் தாங்கியின் பழுதைக் காட்டும்.

1. தணிப்பானின் தண்டிலோ குழலிலோ எண்ணெய்ப் பிசுபிசுப்பும் அதில் படிந்த புழுதியும் காணப்படும்.
2. வண்டியின் பின்பகுதியைக் கையால் நன்கு அழுத்தி விட்டால், எழுந்து நிலைபெறாமல் மீண்டும் மீண்டும் ஆடும்.
3. சிறு பள்ளத்திலும் ‘டக்’ என்ற ஒலியுடன் அடி வாங்கும்.
4. பின் டயர் சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும்.

டயர் சீரின்றித் தேய்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆதலால், ஒரே அறிகுறியைக் கொண்டு முடிவு செய்யாமல் அனைத்தையும் சேர்த்து நோக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்தல்

கரோல்பாக்கில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பல வண்ணச் சுருள்வில்கள் தொங்குகின்றன. நிறம் கண்ணைக் கவரலாம். ஆனால், அது சாலையில் உதவாது. வாங்குமுன் நான்கு செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நீளம். மேல் வளையத்தின் மையத்திலிருந்து கீழ் வளையத்தின் மையம் வரை அளப்பதே தாங்கியின் நீளம். பழையதன் நீளமே புதியதற்கும் இருத்தல் நன்று. நீளம் கூடினால் வண்டியின் பின்பகுதி உயர்ந்துவிடும். பக்கத் தாங்கியில் நிறுத்தும்போது வண்டி மிகுதியாகச் சாயும். சங்கிலியின் தளர்வும் மாறும். நீளம் குறைந்தால், பள்ளத்தில் இறங்கும்போது டயர் சேற்றுத்தகட்டில் உரசக்கூடும்.

இரண்டாவது, பொருத்துமுனை. சில தாங்கிகளின் இருமுனையிலும் வளையங்கள் இருக்கும். சிலவற்றின் கீழ்முனை கவைபோல் பிளவுபட்டிருக்கும். வளையத்தினுள் உள்ள ‘புஷ்’ஷின் துளையளவும் அகலமும் வண்டியின் திருகாணிக்குப் பொருந்த வேண்டும்.

மூன்றாவது, சுமை. தந்தை மட்டும் அலுவலகம் செல்லும் வண்டிக்கும், நாள்தோறும் இருவரைச் சுமக்கும் வண்டிக்கும் தேவை வேறுபடும். மிக மென்மையான சுருள்வில் சுமையில் அடிதட்டும். மிக விறைப்பானது தனியாகச் செல்பவரைத் தூக்கிப்போடும். சுமையைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் நினைவில் கொள்க. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டுநரைத் தவிர ஒருவர் மட்டுமே மோட்டார் சைக்கிளில் செல்லலாம். மூவர் செல்வதற்கெனத் தாங்கியை விறைப்பாக்குவது தீர்வாகாது.

நான்காவது, வகை. சாதாரணத் தாங்கியில் எண்ணெயும் சிறிது காற்றும் இருக்கும். விரைந்த அசைவில் இவ்விரண்டும் கலந்து நுரைத்தால் தணிக்கும் திறன் குறையும். வளிமத் தாங்கியில் அழுத்தப்பட்ட நைட்ரஜன் நிரப்பப்பட்டிருக்கும். அது எண்ணெய் நுரைப்பதைக் குறைக்கும். சிலவற்றில் இதற்கெனப் பக்கவாட்டில் சிறு குப்பி ஒன்று இணைந்திருக்கும். அக்குப்பி புகைக்குழாயிலோ சேலைக் காப்பிலோ இடிக்காதா எனப் பார்த்தே வாங்க வேண்டும். பின்னிருப்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் அக்காப்பு, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயமானது. புதிய தாங்கிக்கு இடம் போதவில்லை என்று அதனைக் கழற்றி எறிதல் கூடாது.

சில வண்டிகளில் இரண்டுக்கு மாறாக ஒரே தாங்கி இருக்கைக்கடியில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கன்ஸின் வடிவமைப்பைத் தழுவி, யமஹா நிறுவனம் 1973-இல் தன் பந்தய வண்டிகளில் இம்முறையைக் கையாண்டது. அவ்வகைத் தாங்கியைக் கழற்ற வண்டியின் பின்பகுதியைத் தூக்கி நிறுத்த வேண்டியிருத்தலின், அதனைப் பட்டறையிலேயே மாற்றுவது நலம். கீழே கூறப்படும் முறை இரட்டைத் தாங்கி வண்டிகளுக்கு உரியது.

மாற்றும் முறை

இதனைப் பெரியவர்களே செய்ய வேண்டும். நீங்கள் விளக்குப் பிடிக்கலாம், கருவி எடுத்துத் தரலாம், உற்றுநோக்கலாம்.

சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு இட்டு வண்டியை நிறுத்துக. புகைக்குழாய் ஆறியிருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பியோ சேலைக் காப்போ மறைத்தால் அவற்றை முதலில் கழற்றுக. கழற்றிய மரைகளையும் வாஷர்களையும் எடுத்த வரிசையிலேயே ஒரு தாளின்மீது அடுக்கி வைக்க வேண்டும்.

இரு தாங்கிகளையும் ஒருசேரக் கழற்றக் கூடாது. ஒருபுறத்தை மாற்றி முடித்த பின்னரே மறுபுறத்தைத் தொட வேண்டும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையை மற்றைத் தாங்கி அதனிடத்தில் நிறுத்தி வைக்கும். புதியதன் துளைகளும் எளிதில் நேர்ப்படும். சிறிது விலகியிருந்தால், டயருக்கடியில் மரப்பலகை ஒன்றைச் செருகிச் சக்கரத்தை உயர்த்தலாம். சுத்தியலால் அடித்து நுழைத்தல் தவறு.

மரைகளை முதலில் கையால் முடுக்கி, பின்னர் வண்டியின் பராமரிப்புக் கையேட்டில் குறித்த முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். குறைந்தால் கழன்றுவிடும், மிகுந்தால் மரையின் புரி அழியும். இருபுறமும் மாற்றியபின் சங்கிலியின் தளர்வையும் பின் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: சுருள்வில்லைத் தனியே பிரிக்க முயலாதீர்கள், அழுந்தியிருக்கும் வில் பாய்ந்து காயப்படுத்தும். பழைய வளிமத் தாங்கியைத் துளையிடுவதும் தீயில் இடுவதும் பேராபத்து.

சுமைக்கேற்ற அமைப்பு

பல தாங்கிகளின் அடியில் படிப்படியாகத் திருப்பக்கூடிய வளையம் ஒன்று இருக்கும். அதனைத் திருப்பினால் சுருள்வில்லின் தொடக்க அழுத்தம் மாறும்; வில்லின் விறைப்பு மாறாது. எப்படியில் வைப்பது என்பதை அளந்து அறியலாம்.

வண்டியைத் தூக்கிச் சக்கரம் தரையில் படாத நிலையில், அச்சிலிருந்து பின்பகுதியில் இட்ட குறிவரை அளக்க வேண்டும். அது 560 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். வண்டியை இறக்கி, ஓட்டுபவர் அமர்ந்தபின் மீண்டும் அளந்தால் 535 மில்லிமீட்டர். தாழ்வு 25 மில்லிமீட்டர். சக்கரத்தின் மொத்த அசைவு 80 மில்லிமீட்டர் எனில், அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை, அதாவது ஏறக்குறைய 20 முதல் 27 மில்லிமீட்டர்வரை தாழ்வது பொருத்தமானது. எனவே இவ்வமைப்பு சரி. தாழ்வு மிகுந்தால் வளையத்தை ஒரு படி ஏற்ற வேண்டும். குறைந்தால் இறக்க வேண்டும். எதுவாயினும் இருபுறமும் ஒரே படியில் இருத்தல் இன்றியமையாதது.

இணையாக

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். என் வண்டியின் இடப்புறத் தாங்கி புதியது. வலப்புறமோ பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்தது. கசிவு இல்லை என்பதனால் அது நலமாயிருந்தது என்று பொருளன்று. ஒன்று ஆட்டத்தை உடனே அடக்கியது. மற்றொன்று அடக்க இயலாமல் துள்ளியது. ஒரே சக்கரத்தை இருவேறு விதமாகத் தாங்கியதால் வளைவில் பின்பகுதி அலைந்தது. பாதிச் செலவை மிச்சப்படுத்திய எண்ணம், என் மகளின் பாதுகாப்பைப் பணயம் வைத்திருந்தது.

அந்த ஞாயிறன்றே கரோல்பாக் சென்று, ஒரே வகையில் இணையாக இரு தாங்கிகள் வாங்கி வந்தேன். மாலையில் நான் இடப்புற வளையத்தைத் திருப்பினேன். மகள் வலப்புறம் குனிந்து, படிகளை விரல்விட்டு எண்ணினாள். “அப்பா, இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம்?” என்றாள். “இங்கும் மூன்று” என்றேன். அதன் பின்னரே தலைக்கவசத்தை எடுத்து அணிந்துகொண்டாள்.

சிந்தித்து விடை எழுதுக

1. சுருள்வில் மட்டும் கொண்ட வண்டி ஏன் நிலைபெறுவதில்லை?
2. இரு தாங்கிகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஆனால், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இவ்விரு கூற்றுகளையும் விளக்குக.
3. சக்கரத்தின் மொத்த அசைவு 90 மில்லிமீட்டர் எனில், பொருத்தமான தாழ்வின் எல்லைகளைக் கணக்கிடுக.
4. உங்கள் வீட்டு வண்டியின் பின் தாங்கிகளைப் பெரியவர் ஒருவரின் துணையுடன் பார்வையிட்டு, கண்டவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.