முறுக்கிய கம்பியும் மோட்டார் வாகனச் சட்டமும்

திருப்பதிக்கும் காணிப்பாக்கத்துக்கும் ஆள் ஏற்றிய பழைய க்வாலிஸ்களில் முன்பக்கம் தாழ்ந்துபோவது சகஜம். உடனே மெக்கானிக்கிடம் "ரெண்டு சுத்து முறுக்கி ஏத்திக் கொடுங்க" என்கிறார்கள். அந்த வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல, டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி. சேஸிஸ் பக்கத்து போல்ட்டை முறுக்கினால் வண்டி உயரும். ஆனால் கம்பியின் பலம் கூடாது. கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று நம்புவது ஆபத்து. அளவு மீறி வண்டியை உயர்த்தினால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது, பள்ளந்தோறும் அடிக்கும். டயர் ஒருபக்கமாகத் தேயும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். மலைப்பாதை வளைவில் அந்தக் கூச்சம் என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1989 வரை வந்த போர்ஷ 911 போன்ற பழைய கார்களில் பின்சக்கரத்துக்கும் இதே கம்பிதான். அங்கே உயரத்தை மாற்றப் பெரும்பாலும் போல்ட் இல்லை, கம்பி முனைகளில் உள்ள பற்களின் கணக்குதான். உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி. வெளியே ஒரு பல் எதிர்த்திசையில் நகர்த்தினால் சுமார் 8.2 டிகிரி. மிஞ்சும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. இடதுபுறக் கம்பியை வலதுபுறம் போடவே கூடாது. முறுக்கம் இறங்காமல் சக்கரக் கையை விடுவித்தால் அது தெறித்து எலும்பை முறிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தே வேலை செய்யச் சொல்லுங்கள்.

தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் மாற்றமாகக் கருதப்படலாம். பதிவுச் சான்றிதழ் விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சொன்னபடி முறுக்கிய மெக்கானிக்கைக் கைகாட்டித் தப்ப முடியாது. ஐம்பது வயது தாண்டிய காரை 2021 விதிகளின்படி விண்டேஜாகப் பதிய வேண்டுமானால், அது மூல வடிவில் இருந்தாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம், விபத்துக்குப் பிறகு சொந்தச் சேத இழப்பீட்டில் தகராறாக முளைக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் தவறு நடந்தால் உங்களுக்கும் உரிமை உண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு சக்கரத்திலும் எடுத்த உயர அளவு, வீல் அலைன்மெண்ட் ரிப்போர்ட், மாற்றிய பாகங்களின் பெயர் எழுதிய பில் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வழக்கில் நிற்காது. சரிசெய்ய மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீரவில்லையானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஒர்க்‌ஷாப் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்; கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.