பெயர் தைத்த போர்வைகள், தெரியுமா?

கூலாயிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி எவ்வளவு தூரம்? பாலத்தில் நெரிசல் மட்டும் இல்லையென்றால் காலை தோசையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தச் சாங்கியின் சிறைச்சாலைக்குள் ஒரு பிறந்தநாள் பரிசு ரகசியமாகத் தைக்கப்பட்டது, தெரியுமா? தைத்தவர்கள் சின்னப் பெண்கள்! தைத்தது ஒரு போர்வை!

1942 ஜனவரிக் கடைசியில் பிரிட்டிஷ் படை நம் கூலாய் பெருஞ்சாலை வழியாகத்தான் தெற்கே பின்வாங்கியது. ஜனவரி 31இல் ஜோகூர் பாலத்தைத் தகர்த்துவிட்டுத் தீவுக்குள் ஒதுங்கியது. பதினைந்தே நாள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில். 600 பேருக்காகக் கட்டிய சாங்கி சிறையில் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரக் குடிமக்களை அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம், நடுவில் சுவர்.

எலிசபெத் என்னிஸ் என்ற செவிலியர் அங்கே கைதி. இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டரோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது பிப்ரவரி 11; நான்கே நாளில் ஊர் விழுந்து, கணவர் ராணுவக் கைதி, மனைவி சிறைக் கைதி! அவர் சும்மா உட்காரவில்லை. சிறைக்குள்ளேயே பெண் சாரணியர் குழு ஒன்றை ஆரம்பித்தார். அந்தப் பிள்ளைகள்தான் அவருடைய பிறந்தநாளுக்குப் போர்வை தைக்கக் கிளம்பினார்கள். துணி எங்கே? கிழிந்த உடுப்புகளின் ஒட்டுத்துணி. நூல்? பழந்துணியில் ஒவ்வொரு இழையாக உருவி எடுத்தது. அறுகோணத் துண்டுகளைப் பூப்பூவாகச் சேர்த்து, நடுவில் தங்கள் பெயர்களைத் தைத்தார்கள். அந்தப் போர்வை இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

இன்னும் கேளுங்கள். அதே சிறையில் எதெல் மல்வேனி என்ற கனடாப் பெண்மணி வேறொரு திட்டம் போட்டார். ஆளுக்கு ஆறங்குலச் சதுர வெள்ளைத் துணி. ‘உன்னைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் போட்டுக் கொடு.’ அவ்வளவுதான் நிபந்தனை. சேர்ந்தவை மூன்று போர்வைகள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு? ஜப்பானியருக்கு! எதிரிக்கும் ஒன்று கொடுத்தால்தான் மற்ற இரண்டும் ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கு. மூளையா அது!

போர்வை போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்? சிறைச் சுவருக்குள் இருப்பவள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத புருஷன், அந்தச் சதுரங்களில் பெயரைத் தேடலாம். கடிதம் போகாத இடத்துக்குக் கையெழுத்து போனது. ஆஸ்திரேலியப் போர்வையின் பின்பக்கம், காயம்பட்டோருக்கு அனுதாபம் சொல்லி, போர் முடிந்ததும் அதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுக்கச் சொல்லி, கடைசி வரியில் ‘டிரை கிளீனிங் செய்வது நல்லது’ என்றும் தைத்திருக்கிறார்கள்! பட்டினிச் சிறையில் உட்கார்ந்துகொண்டு சலவைக்குப் புத்தி சொன்ன அந்தக் கை யாருடையதோ, எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அந்தப் போர்வையையும் ஜப்பானியப் போர்வையையும் கன்பெரா போர் நினைவகம் பாதுகாக்கிறது.

அதே காலத்தில் நம் எஸ்டேட்டுகளில் என்ன நிலை? சாக்குத்துணியை உடுத்திய காலம் அது. சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன தமிழ் ஆண்களின் மனைவிமாருக்கு, பெயர் தைக்க ஒரு முழத் துணிகூட மிச்சம் இல்லை. சாங்கி போர்வைகளைப் பார்த்து வியக்கிறபோது இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெயர் இல்லாமல் போன போர்வையும் உண்டு. 1841இல் ‘ராஜா’ என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகள், கடல் நடுவே 2,815 துண்டுகளை இணைத்தார்கள். துணியும் நூலும் கொடுத்த சீமாட்டிகளுக்கு நன்றிக்காணிக்கை. நன்றி வாசகம் இருக்கிறது. தைத்த ஒருத்தியின் பெயரும் இல்லை!

வங்காளத்துக்கு வாருங்கள். பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் காந்தா. 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண், தன் அப்பாவுக்காக ஒரு காந்தாவைக் கையாலேயே தைத்ததாகத் துணியிலேயே எழுதிவைத்துவிட்டார். கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூலாயில் நம் அண்டைவீட்டுச் சீனர்களைக் கேளுங்கள்: பிறந்த குழந்தைக்கு நூறு வீட்டில் ஒவ்வொரு துண்டு வாங்கித் தைக்கும் ‘பைஜியாபெய்’ போர்வையைப் பாட்டிமார் சொல்லக்கூடும். நூறு வீட்டு ஆசீர்வாதம்! துண்டுத்துணிகளை இணைக்கும் இந்தக் கலையை மலாய்க்காரர்கள் ‘தம்பால் சந்தும்’ என்பார்கள்.

அமெரிக்காவில் 1987இல் எய்ட்ஸால் இறந்தவர்களுக்குத் தைக்க ஆரம்பித்த போர்வை இன்று 54 டன். ஆளுக்கு மூன்றடிக்கு ஆறடி. ஒரு சவக்குழியின் அளவு.

நீங்களும் தைக்கலாமே! நம் வெயிலுக்குத் தடிப் பஞ்சு வேண்டாம். பழைய மெல்லிய காட்டன் சேலை ஒன்றை நடுவில் வைத்தாலே ஏசி அறைக்குப் போதும். கெக்காபு, அதாவது இலவம் பஞ்சு, தலையணைக்கு அருமை. போர்வையில் துவைத்ததும் ஒரு மூலையில் கட்டிக்கொள்ளும். பாத்தேக் துணியை வெட்டுவதற்கு முன் தனியாக அலசுங்கள், சாயம் இறங்கும். பிள்ளையின் பள்ளி டீசட்டையைச் சேர்ப்பதாக இருந்தால், இஸ்திரி போட்டால் ஒட்டும் கேன்வாஸைப் பின்னால் கொடுத்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுபட்டுக் கோணும். தையலுக்குக் கால் அங்குலம் விடுங்கள்.

சாரணியர் பிள்ளைகள் போல அறுகோணம் தைக்க ஆசையா? காகிதத்தை அளவாக வெட்டி, துணியை அதன்மேல் மடித்து, பக்கத்துத் துண்டோடு சேர்த்தபின் காகிதத்தை உருவிவிடுவது ஒரு நல்ல வழி. பழைய இங்கிலாந்துப் போர்வைகள் சிலவற்றுள் உருவாமல் விட்ட காகிதங்கள் இன்னும் இருக்கின்றன. கடிதம், கணக்கு நோட்டுப் பக்கம், செய்தித்தாள்! எந்தக் காலத்துப் போர்வை என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்களுக்கு அதுவே துப்பு.

கடைசியில் பின்பக்க மூலையில் யாருக்கு, யாரிடமிருந்து, எந்த ஊர், எந்த வருஷம் என்று போட மறக்காதீர்கள். பழைய மைகள் துணியையே அரித்துத் தின்றுவிடும். அரிக்காத மை 1830களில் பரவிய பிறகுதான் அமெரிக்காவில் கையெழுத்துப் போர்வை மோகமே பிடித்தது. துணிப் பேனாவில் எழுதினால் மேலே இஸ்திரி போட்டு ஆறவிடுங்கள். ஊசியில் எழுதுவதென்றால் எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை போதும். ழ, ஞ மாதிரி வளைகிற எழுத்துகளுக்கு மட்டும் தையலைப் பொடியாக்குங்கள். ‘ப’வின் நேர்க்கோட்டுக்குப் போடுகிற நீளத்தை அங்கேயும் போட்டால் எழுத்து முண்டும் முடிச்சுமாக நிற்கும்!